நானூற்றுப் பன்னிரண்டாம் வரிப் பூட்டு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்குக் காலையும் மாலையும் வேண்டுகிறேன்.

கம்ப்யூட்டரில் கோப்புகளைக் காக்கும் உன் நிரலை ஒன்றரை வருடமாக நானே தட்டுத்தடுமாறிப் படிக்கிறேன் அல்லவா? ஒருவன் உள்ளே இருக்கும்போது மற்றவனை நிறுத்திவைக்க நீ வரிக்கு வரி பூட்டுப் போட்டிருக்கிறாய். நானூற்றுப் பன்னிரண்டில் இருப்பது வீண் பூட்டு, சும்மா எட்டிப் பார்க்கிறவனை எதற்குக் காக்க வைக்கிறாய் என்று திருத்தி அனுப்பினேன். நீயோ, "கை வைக்காதக்கா, எல்லார் கோப்பும் நாசமாயிடும்"னு ஒரே வரியில மடக்கிட்ட. அதனால் வீட்டிலேயே நிரூபித்துவிட்டேன், கேள்.

எங்கள் அடுப்படியில் ஒரு ஆள்தான் நிற்கலாம். முட்டி மோதக் கூடாதென்று உன் அத்தான் சட்டம் போட்டார்: வாசலில் தொங்கும் பெரிய கரண்டி யார் கையிலோ, அவருக்கே அனுமதி. அடுப்பை எட்டிப் பார்க்கக்கூட கரண்டி! திங்கட்கிழமை அவர் கரண்டியோட உள்ளே போய், பால் பாக்கெட் வெட்டக் கத்தரிக்கோல் வேணும்னு நிக்கிறார். கத்தரிக்கோல் வெச்சிருக்கிற மாமியார், அடுப்பைச் சும்மா எட்டிப் பார்க்கறதுக்குக் கரண்டி வேணும்னு வாசல்ல நிக்கிறாங்க. "மொதல்ல கரண்டியக் குடுடா." "மொதல்ல கத்தரியக் குடும்மா." ஐம்பத்திரண்டு நிமிடம்! நோட்டில் குறித்திருக்கிறேன். மாமனார் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தார்.

மறுநாள் சட்டத்தைத் திருத்தினேன்: எடுக்க, போட, கிளறத்தான் கரண்டி. வாசலில் நின்றபடி எட்டிப் பார்க்கவும், ஸ்பூனை நீட்டி ருசி பார்க்கவும் கரண்டி வேண்டாம். அன்று காத்திருப்பு மொத்தமே நாலு நிமிடம்! ஆகவே அடுத்த மாதம் வெளியாகும் பதிப்பில் என் திருத்தத்தைச் சேர்த்துவிடு. ஒன்றரை வருடப் படிப்புக்கு உலகத்தில் ஒரு வரியாவது என்னுடையதாக இருக்கட்டும். சேர்க்காவிட்டால் நீ என் தம்பியே இல்லை.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் குறைந்த பிடிவாதமும் தரட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. நான் வைத்த சூப்பை மூன்று பேரும் வாசலில் நின்று ஆளுக்கொரு வாய் ருசி பார்த்தார்கள். உப்பில்லை, என் மனம் நோகுமென்று ஒருத்தரும் சொல்லவில்லை. பிறகு சட்டப்படி ஒருவர் பின் ஒருவராகக் கரண்டி வாங்கி, ஆளுக்கொரு பிடி உப்பு போட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. சூப்பைக் கொட்டியாயிற்று. உடனே உன் நிரலைப் புரட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஒருவன் இடம் காலியா என்று பார்க்கிறான். நானூற்று இருபதில் அங்கேயே போய் எழுதுகிறான். பூட்டு இல்லாவிட்டால் அதற்குள் இன்னொருவனும் காலி என்று பார்த்துவிட்டு அதே இடத்தில் எழுதுவான், உப்புக் கதைதான். சாமி சத்தியமா அந்தப் பூட்டை எடுத்துடாத. ஆனா அறுநூற்று மூணாம் வரிக்காரன் பார்த்துட்டு ஒண்ணுமே செய்யாம திரும்பிப் போறான். அவனுக்கும் எதுக்குடா பூட்டு? அதையாவது என்னை எடுக்க விடு.