பீங்கான் கட்டை

இனிமேல் எங்கள் காரை நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினோரு வருடமாக எல்லா முடிவுகளையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் எடுத்து வருகிறேன்.

எங்கள் வீடு மேட்டில், ஊர் பள்ளத்தில். நடுவே ஏழு வளைவு. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை நான் ஓட்டி இறங்கினேன். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தவன் ஏழாவது வளைவில்தான் காலை எடுத்தேன். கீழே வந்து நின்றபோது சக்கரத்திலிருந்து புகை. மனைவி இறங்கி என் பக்கம் வந்து கையை நீட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக் குலுக்கினேன். அவள் கேட்டது சாவியை.

போன வாரம் வண்டி கிறீச்சிட ஆரம்பித்தது.

"பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. போற வழியில மாத்திடறேன்" என்றாள், தீப்பெட்டி வாங்கப் போகிறவள் மாதிரி.

நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். 'ப' வரிசை முழுக்க என் பொறுப்பு. பிரேக் என் எழுத்து. விட்டுவிட முடியுமா?

"எந்தக் கட்டை போடணும்னு தெரியுமா உனக்கு?"

"ஏன், வீட்டுல ஒண்ணு சும்மாதானே உக்காந்திருக்கு, அதையே வெச்சிடலாமா?"

"விளையாடாதே. அதுல மூணு வகை இருக்கு. தப்பா போட்டா உயிருக்கே ஆபத்து. என்கிட்ட விடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, விட்டேன். நீங்க சொல்ற கட்டையை மெக்கானிக் அண்ணன் சரின்னுட்டா, இனிமே நீங்கதான் ஓட்டணும். தப்புன்னுட்டா, ஜென்மத்துக்கும் சாவின்னு வாயைத் திறக்கக் கூடாது."

"ஒப்புக்கொண்டேன்!" என்றேன், எழுத்து வழக்கிலேயே.

மூன்று நாள் படித்தேன். நார்க் கட்டை மெத்தென்று பிடிக்கும், சீக்கிரம் தேயும். உலோகத் தூள் கலந்த கட்டை எந்தச் சூட்டுக்கும் அஞ்சாது. ஆனால் கத்தும், எதிரில் இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். பீங்கான் கட்டை பரம சாது. சத்தமில்லை, கரித்தூசி இல்லை, நெடுநாள் உழைக்கும். சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனால் எங்களுக்கு ஏழு வளைவு இருக்கிறதே! உலோகம்தான் என்று தீர்மானித்துச் சமையலறைக்குப் போனேன்.

"உலோகம் கலந்ததுதான் சரி."

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றாள், பாத்திரம் தேய்த்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தை நினைத்ததே கிடையாது.

"நீ எதுக்கு அதை நெனச்சே?"

"பீங்கான்ல ஒண்ணு வருதாமே, அதுக்கு இது தேவலைன்னுதான். பீங்கான் தட்டு நம்ம வீட்டுல ஒரு மாசம் நிக்க மாட்டேங்குது. சக்கரத்துல நிக்குமாக்கும்!"

"ஐயோ, அந்தப் பீங்கான் வேற, இந்தப் பீங்கான் வேற! ஒரு சொல், ரெண்டு பொருள்!"

"எத்தனை பொருளா வேணா இருக்கட்டும். உடையற பொருள் எனக்கு வேணாம்."

அறியாமைக்குத் தலைவணங்குவதா? அதுவும் பீங்கான் விஷயத்தில்? அதுவும் என் எழுத்து.

"பீங்கான்தான் போடறோம். முடிவு!"

"உங்க இஷ்டம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அந்தத் தொங்கலைப் பார்க்க எனக்குப் பெருமிதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி முடிக்கும்வரை என் குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். அவர் பழைய கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமை சார். இந்த வண்டிக்குப் பீங்கான்தான் சரி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

வென்றேன்! மனைவி பைக்குள்ளிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. இனிமே நீங்கதான் ஓட்டணும்."

"யாரு, சாரா?" என்றார் மெக்கானிக். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ பீங்கான் ஆகாது."

"இப்பதானே சரின்னீங்க?" என்றேன்.

"தங்கச்சி ஓட்டறதுக்குச் சரின்னேன். அது கியரைக் குறைச்சே இறங்கிடும், பிரேக்கைத் தொடறதே அபூர்வம். இந்தக் கட்டையைப் பாருங்க, ஆறு வருஷம் வந்திருக்கு. நீங்க மிதிச்ச காலை எடுக்க மாட்டீங்களாமே? அந்தச் சூட்டுக்கு உலோகம்தான் தாங்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கையும் சாவியும் அப்படியே நீண்டிருந்தன.

"நான் ஓட்டினா நீங்க சொன்னது சரி. நீங்க ஓட்டினா நீங்க சொன்னது தப்பு. தப்புன்னா சாவி இல்லைன்னு பேச்சு" என்றாள் சாந்தமாக. "எடுத்துக்கறீங்களா, ஜெயிக்கறீங்களா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபது வருடமாகச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். மூன்றே வாக்கியத்தில் ஒரு முழு மனிதனை இவ்வளவு கச்சிதமாக அடைத்து மூடியதை எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை. சரியான விடையோடு வந்தவனைத் தவறான விடைக்கு நகர்த்தி, அந்த விடையை எல்லோர் முன்னாலும் சரியென்று சொல்லவும் வைத்திருக்கிறாள். அதையும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே செய்திருக்கிறாள்! பட்டறை என்றும் பாராமல் கைதட்டியிருப்பேன். மெக்கானிக் முந்திக்கொண்டார்.

கார் ஓட்டாமல் ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம். தன் வாதம் தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டு எப்படி வாழ்வது?

"நான் சொன்னது சரிதான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அதை யார் இல்லேன்னா?" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கட்டை மாட்டி முடித்ததும் வண்டியில் ஏறினோம். இன்ஜினைக் கிளப்பிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஜெயிச்சவரே, பெல்ட்டைப் போட்டுக்கங்க."