கீழ்நிலையத்துக்காரன் மேலே இறங்கியது

லொத்தாரே கணவாய்,
மார்ச் 19

மகாகனம் பொருந்திய மச்சான் இலேர் அவர்களுக்கு, உம் தங்கை மிரேயின் கணவன் கஸ்தோன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் இருவரும் எலும்பு எதுவும் முறியாமல் நலம். உம் முட்டிவலியும் உம் கோழிகளும் எப்படி இருக்கின்றன என்றறிய ஆவல்.

எங்கள் ஓய்வுக்கு ஆளுக்கொன்றாகப் பரிசளித்தீரே பனிப்பட்டம், ஆளையே பனிமேல் இழுத்துத் தூக்குகிற அந்தப் பட்டத்தில் என்னுடையதை வருகிற ஞாயிறு வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். எந்த வேளையில் வாங்கினீரோ! உம் தங்கை பத்தே நாளில் காலில் ஸ்கீயை மாட்டி, பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்தி, சரிவிலிருந்து எழும்பி, ஓடைப் பள்ளத்தை மிதந்தே தாண்டி, எதிர்மேட்டுக் குடிலில் அலுங்காமல் இறங்கி சூப் குடிக்கிறாள். நான் கீழே காரில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டி தின்கிறேன். முப்பத்தொரு வருஷமும் இதே கதைதானே மச்சான்? ஸ்கீக்காரர்கள் தொங்கும் கம்பியைப் பிடித்துச் சரிவில் மேலே போவார்களே, அந்த இழுவைக் கயிற்றில் நான் கீழ்நிலையம், அவள் மேல்நிலையம். கயிறு ஓடும்போது இருவரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. வேலைநாளில் ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை. ஓய்வு பெற்றாலாவது சாப்பிடலாம் என்றிருந்தேன். அவள் மறுபடியும் மேலே போய்விட்டாள்.

அதற்காகத்தான் கற்றுக்கொள்ளப் போனேன், வேறு கிறுக்கு எதுவும் இல்லை. சொல்லிக்கொடுப்பவள் சோலென் என்ற பெண், என் வயதில் பாதிகூட இல்லை. கயிறெல்லாம் ஒரு கம்பியில் வந்து சேரும், நெஞ்சுக்கு இழுத்தால் தூக்கும், மெல்லத் தளர்த்தினால் இறக்கும், அவ்வளவுதான் வித்தை என்றாள். அவ்வளவுதானாம்! "கம்பியைப் பிடிங்க, விடாதீங்க, கெட்டியாப் பிடிங்க!" என்று ஊரையே கத்தி ஏற்றிவிட்டவன் நான், பயம் வந்தால் என் கை பிடிக்கத்தானே செய்யும்? முதல் நாள் பிடித்த பிடியில் பட்டம் என்னைத் தரதரவென்று இழுத்துப் போய் ஓர் ஒல்லாந்துக் குடும்பத்தின் சீஸ் சட்டியருகே போட்டது. "உக்காருங்க, ரொட்டி இருக்கு" என்றார்கள், நல்ல மனுஷர்கள். மறுநாள் பனி வழிக்கும் வண்டி குவித்த மேட்டில் தலைகுப்புற விழுந்தேன், வெளியே தெரிந்தது ஸ்கீ மட்டும்தான். பட்டம் தூக்கும்போதெல்லாம் சோலெனோடு இதே கூச்சல்தான்:

"விடுங்க சார், விடுங்க!"

"எதம்மா விடறது?"

"கம்பியை!"

"விட்டா செத்துருவேன்மா!"

"விடலைன்னாதான் சார்!"

ஒரு தடவையாவது ஒழுங்காக இறங்கிக் காட்டாமல் பள்ளத்துப் பக்கமே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் இன்று பதினொன்றரைக்குக் காற்று அவளைக் கேட்கவில்லை. தூக்கியது, பிடித்தேன், பிடிக்கப் பிடிக்க ஏறினேன், காலுக்குக் கீழே பள்ளம் போகிறது, அழுதுவிட்டேன் மச்சான், யாரிடமும் சொல்லாதேயும். எதிர்மேட்டுக் குடில் வாசலில் மிரேய் சூப் கோப்பையோடு அண்ணாந்து பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, மேல்நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் கத்திய அதே கத்தலைக் கத்தினாள்: "கம்பியை விடுங்க! காலை நீட்டுங்க! நிக்காதீங்க, வழுக்கிப் போய்க்கிட்டே இருங்க!"

அந்தக் குரலை நான் நிலையத்து போனில்தான் கேட்டிருக்கிறேன். நான் ஏற்றிவிட்ட அத்தனை பேரையும் இப்படித்தான் பத்திரமாக இறக்கியிருக்கிறாள். கை தானாகத் தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், பனி வந்து காலைத் தொட்டது, வழுக்கிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"யோவ், லேட்டு. சூப் ஆறிப்போச்சு" என்றாள்.

"முப்பத்தொரு வருஷம் லேட்டு" என்றேன். மூக்கை உறிஞ்சினாள். கேட்டால் குளிராம்.

ஆறின சூப்தான், ஆனால் அந்த ருசியை நான் எங்கும் கண்டதில்லை. ஆகவே ஆசை தீர்ந்தது. அறுபத்துநாலு வயதில் இன்னொரு முறை அந்தரத்தில் தொங்க எனக்கென்ன பைத்தியமா? ஞாயிறு தவறாமல் வந்து அந்தச் சனியனை எடுத்துப் போகவும். உம் மனைவிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், கோழிகளுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பத்திரமாகத் தரையில் இருக்கும்
கஸ்தோன்

பி.கு.: ஞாயிறு வர வேண்டாம். அன்று நல்ல மேற்குக் காற்று என்கிறாள் மிரேய். ரொம்ப அவசரமென்றால் நீரும் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு எதிர்மேட்டுக்கு வாரும், கம்பியை எப்போது விட வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்தே கத்துகிறோம். கீழ்நிலையத்தில் இனி ஆள் கிடையாது.