மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் ஓட்ஸ்

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. நீயும் அத்தானும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். உனக்கும் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் போன மாதம் ஒரு பை நிறைய ஓட்ஸும் பார்லியும் அனுப்பினேன் அல்லவா? கடிதம் கண்டதும் அதைக் குப்பையில் கொட்டிவிடு. ஒரு மணி கூட வாயில் வைக்காதே.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "மூணு மாச சர்க்கரை சராசரி எட்டு புள்ளி ஒண்ணு இருக்கு. இனிமே முழுதானியமா சாப்பிடுங்க. அடுத்த தடவையும் குறையலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார். அதற்குப் பிறகும் பத்து நிமிடம் பேசினார். ஊசி என்றதோடு எனக்குக் காது அடைத்துவிட்டது, அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. முப்பத்தோரு வருடம் மருந்துக்கடையில் நின்று ஆயிரக்கணக்கில் ஊசி விற்றவன்தான் நான். விற்பது வேறு, குத்திக்கொள்வது வேறு. அப்பாவுக்கும் இப்படித்தான் முதலில் ஊசி எழுதினார்கள், அப்புறம் காலில் புண் வந்தது, கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். இப்போது நான் தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து கால்விரல்களை எண்ணுகிறேன். பத்தும் இருக்கின்றன. இருந்தாலும் இன்னொரு தடவை எண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஆகவே முழுதானியத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்து என்றே நினைத்தேன். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், ஒரு கிண்ணம். வயிறு முட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். வயதானவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துப் பழகிய கை அல்லவா, ஓட்ஸையும் பார்லியையும் மாவாக அரைத்து இரண்டு தடவை சலித்தேன். சாப்பிட முடியாத மருந்தைத் தேனில் குழைப்பது எங்கள் வழக்கம், அதனால் இரண்டு கரண்டி தேன். என் மனைவி காலை எட்டு மணிக்கே பள்ளி அலுவலக வேலைக்குப் போய்விடுவாள், பகல் வேளைகள் இவள் கண்ணில் படாது. ராத்திரி வேளையை மட்டும் அறைக்குள் போய் முடித்துக்கொள்வேன். ஒரு நாள் என் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்து, "புதுசா ஓட்டை போட்டிருக்கீங்களே, இளைச்சதுக்கா, பெருத்ததுக்கா?" என்றாள். பெல்ட்டை வாங்கி, வயிற்றை எக்கி மாட்டிக்கொண்டேன்.

நேற்று முடிவு வந்தது. எட்டு புள்ளி ஒன்பது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் சொன்னபடி சாப்பிட்டீங்களா?" "ஒரு வேளை தவறலைங்க." "அப்ப அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஊசியைப் பத்திப் பேசிடலாம்." வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தானியத்தை நம்பி நீயும் ஏமாறாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். சர்க்கரை என்பது அவர்களுக்குச் சமையலறை டப்பாவோடு நிற்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இவளிடம் படித்துக் காட்டினேன். "சாப்பாட்டுக்கு அப்புறமா? அப்ப தட்டு நிறைய சோத்துக்கு மேல இது வேறயா?" என்று கேட்டுவிட்டு என் பரிசோதனைக் கோப்பைக் குடைந்து ஒரு தாளை எடுத்தாள். டாக்டரம்மா அன்றைக்கே கொடுத்ததாம், நான் பார்க்கவே இல்லை. வெள்ளை அரிசிக்கும் வெள்ளை ரொட்டிக்கும் பதிலாகத்தான் முழுதானியம், அளவாக, நாரோடு முழுசாக இருந்தால்தான் மெதுவாகச் செரிக்கும், மாவாக்காதீர்கள், இனிப்புச் சேர்க்காதீர்கள் என்று அதில் அச்சடித்திருக்கிறது. எனவே அந்தப் பையைக் கொட்டாதே. கொட்டியிருந்தால் வேறு அனுப்புகிறேன்.

இவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள், அப்போது சிரிக்கவில்லை. "மாமாவுக்கு விரல் போனது ஊசியால இல்லைங்க. பயந்துகிட்டு அவர் ஊசியே போட்டுக்கலை. எல்லாத்தையும் அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தாரு. அத்தை எங்கிட்ட மட்டும் சொன்னாங்க" என்றாள். மாதா மாதம் அதைக் கடையிலிருந்து கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தவன் நான், அக்கா. போட்டுக்கொண்டீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் போகிறோம். ஊசி என்றால் ஊசி.