நாற்பத்தொரு முறை இறங்கியவர்

மூன்றாவது முறையாகவும் லோடர் மணல்மேட்டுக்குள் பாதி முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

'பீப்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. கைபிரேக் விழுந்துவிட்டது என்று அர்த்தம். நல்லமுத்து அதற்கான பொத்தானைத் தொடவேயில்லை.

மணல் அள்ளுவது பார்ப்பதற்கு முரட்டு வேலை. உண்மையில் நிதானமான வேலை. பக்கெட்டைத் தரையோடு தரையாகக் கிடத்தி மேட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைந்தவுடன் அதைச் சற்றே தூக்க வேண்டும். அப்போது மணலின் பாரம் முன்சக்கரங்களை அழுத்தும், சக்கரம் வழுக்காது. அதன்பிறகு பக்கெட்டை உள்பக்கம் மடக்கினால் மணல் தானாக வந்து உட்காரும். பிறை என்கிற ஊரிலிருக்கும் அந்தக் கான்கிரீட் ஆலையில் பதினெட்டு வருடமாக நல்லமுத்து இதைத்தான் செய்கிறார். ஆனால் இப்படித் தூக்குகிற நேரம் பார்த்து வண்டி பிரேக் போட்டுக்கொண்டால் என்ன செய்வது?

திங்கட்கிழமைதான் வந்த புது லோடர். ஏர்கான் உண்டு. ஒரு வாரம் தடங்கலில்லாமல் ஓட்டிக்காட்டினால் வண்டி அவருக்கு. இல்லையென்றால் இன்னொரு ஓட்டுநர் கோகிலனுக்கு. அவருக்கு மறுபடியும் முதுகை ஒடிக்கும் பழைய லோடர்.

மெக்கானிக் சுலைமான் நடந்து வந்தான். நூற்றுப்பத்துக் கிலோ ஆள். அவன் ஏணியில் கால் வைத்ததும் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து வரவேற்றது.

"நகருங்க அண்ணே, நான் பாக்குறேன்."

ஐந்து பக்கெட் அள்ளினான். ஹாப்பர் என்கிற இரும்புத் தொட்டியில் ஐந்தையும் கொட்டினான். விளக்கும் எரியவில்லை, சத்தமும் வரவில்லை.

"வண்டி ரோசாக் இல்ல லா. நல்லாத்தான் ஓடுது."

"நான் உக்காந்தா மட்டும் நிக்குதே?"

சுலைமான் கீழே குனிந்து பார்த்தான். லோடரில் இடது பெடலுக்கு இரண்டு வேலை. மிதித்தால் பிரேக்கும் பிடிக்கும், சக்கரத்துக்குப் போகும் விசையும் அறுந்துவிடும். எஞ்சினின் முழுப் பலமும் பக்கெட்டைத் தூக்கப் போவதற்காக அந்த ஏற்பாடு.

"உங்க பூட்ஸ்தான் அண்ணே. இரும்பு வச்ச பூட்ஸ். உங்களுக்கே தெரியாம எடது பெடல்ல படுது. கழட்டுங்க."

விரதத்தில் செருப்பில்லாமல் நடந்து பழகிய கால்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுப்பதாக நல்லமுத்துவுக்கு வேண்டுதல். பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

முதல் பக்கெட்டிலேயே 'பீப்'. இரண்டாவதில் இரண்டு முறை. மூன்றாவதில், ஹாப்பருக்குப் போகும் மேட்டில் ஏறும்போது டக்கென்று பிரேக் விழுந்து, பக்கெட் குலுங்கி, அரை டன் மணல் பாதையில் கொட்டியது.

"முன்னைக்கு இப்ப மோசமால்ல இருக்கு?" என்றார்.

"மோசமானா நல்லதுண்ணே. கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம்," என்றான் சுலைமான். அவன் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஒரு ஆறுதல் உண்டு.

அதற்குள் ஹாப்பர் காலியாகிவிட்டது. கான்கிரீட் லாரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. முன்னால் நின்ற லாரியிலிருந்து ஃபிக்ரி தலையை நீட்டினான்.

"அண்ணே, ஹாப்பர் கோசோங் லா. தூங்குறீங்களா?"

"வண்டி தூங்குது தம்பி, நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சுலைமான் இப்போது வேறொரு முடிவுக்கு வந்திருந்தான். நல்லமுத்துவின் இடுப்பில் ஸ்பேனர் பை. மடியில் மூன்று லிட்டர் தண்ணீர்க் குடுவை. ஏர்கான் குளிருக்குத் தடிமனான ஜாக்கெட்.

"ஜாக்கெட் கை லீவர்ல மாட்டுது. ஸ்பேனர் பை பொத்தான்ல இடிக்குது. எல்லாத்தையும் கீழ போடுங்க."

"தண்ணி?"

"அதையும்தான்."

எல்லாம் இறங்கின. பனியனும் கால்சட்டையுமாக நல்லமுத்து இருக்கையில் உட்கார்ந்தார். உடம்பு லேசாக, சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை வண்டி மேட்டுவரை போகவேயில்லை. கியர் போட்டால் 'பீப்'. பிரேக்கை விடுவித்தால் நான்கு அடி நகரும், பிறகு 'பீப்'. பள்ளத்தில் விழுந்து குலுங்கினால் மட்டும் கொஞ்ச தூரம் ஓடும். சமதரை வந்ததும் நின்றுவிடும்.

பள்ளத்தில் ஓடி சமதரையில் நிற்கிற வண்டியை அவர் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை. எண்ணெய் குறைந்தால் மேட்டில் நிற்கும். பிரேக் பிடித்தால் எங்கேயும் ஓடாது. இது எந்த வகை நோய்?

பதினொரு மணிக்கு யார்டு மேனேஜர் ஷேக் அலாவுதீன் கைப்பேசியைப் பிடித்தபடி வந்தார். புது வண்டி தன் செய்திகளையெல்லாம் அவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

"நல்லமுத்து, ஒண்ணு கேக்கலாமா? எங்க போய்ப் போய் வர்றே?"

"எங்கயும் போகல பாஸ்."

"எட்டுலேந்து ஒம்போது வரைக்கும் அஞ்சு தடவ. ஒம்போதுலேந்து பத்து வரைக்கும் பன்னெண்டு. பத்துக்கு மேல இருபத்துநாலு. மொத்தம் நாப்பத்தொரு தடவ சீட்ட விட்டு எறங்கியிருக்கேன்னு வண்டி சொல்லுது."

நல்லமுத்து சுலைமானைப் பார்த்தார். சுலைமான் வானத்தைப் பார்த்தான்.

"மூணு தடவ எறங்குனேன் பாஸ். மூணும் இவன் சொல்லித்தான். மத்ததெல்லாம் பொய்."

"மெஷின் எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கு உன்மேல என்ன கோபம்?"

நல்லமுத்து யோசித்தார். ஒரு பக்கெட்டுக்கும் இன்னொரு பக்கெட்டுக்கும் நடுவில், தனக்கே தெரியாமல் இறங்கி எங்கேயாவது போய்விட்டு வருகிறோமோ? நாற்பத்தொரு முறை இறங்கி ஏறினால் முட்டி வலிக்குமே. அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலிக்கவில்லை.

ஷேக் அலாவுதீன் குரலைத் தணித்தார். "இங்க பாரு, நான் குறை சொல்லல. ஒரு வேள சாப்பாட்டோட முப்பத்தொம்போது நாள் ஓட்டியிருக்கே. தல சுத்தும். என்ன செய்றோம்னே தெரியாது. தைப்பூசம் முடியட்டும், அதுவரைக்கும் கோகிலன் ஓட்டட்டும்."

"தலையெல்லாம் தெளிவாத்தான் இருக்கு பாஸ். கோகிலன் கையில போனா திரும்பி வராது."

"சரி, கடைசியா ஒரு தடவ. சுலைமான், நீ ஏறு."

சுலைமான் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு ஏறினான். வண்டி கப்பல்போல் மிதந்து போனது. ஹாப்பர் நிறைந்தது. லாரிகள் ஹார்ன் அடிப்பதை நிறுத்தின. கைப்பேசியில் ஒரு செய்தியும் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் ஷேக் அலாவுதீன். பிறகு எடைப்பாலத்துக் கூண்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தனுஜா, வண்டியோட புத்தகம் அங்கதானே இருக்கு? சீட்டப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாரு. நாளைக்கு யூனியன் வந்து கேட்டா நான் பதில் சொல்லணும். நல்லமுத்து, சாவிய அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துரு."

சுலைமான் இறங்கி வந்து சாவியைக் கொடுத்தான். வாங்கிக்கொண்ட நல்லமுத்து, பூட்ஸையும் ஜாக்கெட்டையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கூண்டுக்குப் போக, லாரிகளை நிறுத்தி எடை போடும் இரும்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். மற்ற இருவரும் பின்னால் வந்து பாலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார்கள்.

பாலத்தின் நடுவே போனபோது தனுஜா ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். அவள் விரல் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் இருந்தது.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. நகராதீங்க."

"ஏம்மா, லாரி வருதா?"

"லாரி இல்ல. பாஸ், இங்க நாப்பது காட்டுது."

எடைப்பாலம் இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். லாரிக்கு அது போதும். ஐம்பதைத் தொட்டுவிட்டால் அறுபது என்று காட்டும். தொடாவிட்டால் நாற்பதுதான்.

"நாப்பதா? பாலத்துலதான் ஒண்ணுமே நிக்கலையே," என்றார் ஷேக் அலாவுதீன்.

தனுஜா பாலத்தின் நடுவில் நின்றவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள்.

"அந்த வண்டியும் இதையேதான் சொல்லுது பாஸ். அம்பது கிலோவுக்குக் கீழ இருந்தா, சீட்ல ஆளே இல்ல, யாரோ பைய வச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்குமாம்."