என் மூக்கும் நான்கு சாக்ஸும்

நிலவறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உயிர் போனாலும் சரி, மானம் போனாலும் சரி. உயிர் இன்னும் இருக்கிறது.

என் பெயர் அன்செல்ம். மக்கோன் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ரோட்டில் நான் பிரேக் போடு என்றால் போடுவார்கள். வீட்டில் பிரேக், கிளட்ச், ஸ்டியரிங் மூன்றும் என் மனைவி ஓடிலிடம். எனக்கென்று இருந்தது அந்த நிலவறை ஒன்றுதான். அதில் நூற்றுச் சொச்சம் பாட்டில்கள். எல்லாம் மலிவு விலை ஒயின்தான். ஆனால் ஒவ்வொன்றும் நானே முகர்ந்து, சுவைத்து, பொறுக்கிச் சேர்த்தது.

ஓடில் ஊர் பேண்டு குழுவில் டிராம்போன் ஊதுகிறாள். பழகுவதற்கு அவளுக்கு நிலவறை வேண்டுமாம்.

"அங்க சுவர் கனம். சத்தம் வெளிய போகாது."

"உள்ளயே சுத்துமே! என் ஒயின் பயத்துலயே புளிச்சுப் போயிடும்."

"இப்பவே புளிப்புதான்."

"உனக்கு என்ன தெரியும்? நான் கண்ணை மூடிக்கிட்டு எந்த ஊர் ஒயின்னு சொல்றவன்!"

"அப்படியா? ஞாயித்துக்கிழமை சொல்லு பாப்போம். ரெண்டு சிவப்பு, ரெண்டு வெள்ளை. எதுவும் ஆறு யூரோவைத் தாண்டக் கூடாது. நாலையும் சரியாச் சொன்னா நிலவறை உனக்கு. ஒண்ணு தப்பினாலும் டிராம்போனுக்கு. சரியா, என் முட்டைக்கோஸே?"

எங்கள் நாட்டில் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான். ஆனால் ஓடில் என்னை முட்டைக்கோஸ் என்று கூப்பிட்டால், கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

பாட்டில் வாங்கிவரும் பொறுப்பு பக்கத்து வீட்டு ஃபெர்னானுக்கு. நடுநிலையான ஆள் என்று ஓடிலே சொன்னாள். அந்த நடுநிலையை நான் வேலிக்கு மேலாக அரைமணி நேரத்தில் சாய்த்துவிட்டேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஃபெர்னான் நான்கு பாட்டில்களோடு வந்தான். லேபிள் தெரியாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்ஸ் மாட்டியிருந்தான். ஒயின் சோதனைக்கு அதுதான் வழக்கம். சாக்ஸ் நான் கொடுத்தவை. கோடு போட்டது, கட்டம் போட்டது, சாம்பல், ஓட்டை.

"சாப்பாட்டுக்கு ரொட்டி இல்ல. ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வாங்க," என்றாள் ஓடில்.

ரொட்டிக் கடையில் வரிசை நீளம். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒத்திகை பார்த்தோம்.

"கோடு சாக்ஸ்?"

"பொஜோலே சிவப்பு. ஒரு இருமல்."

"கட்டம்?"

"ரோன் நதிக்கரைச் சிவப்பு. ரெண்டு இருமல்."

"சாம்பல்?"

"நம்ம ஊர் வெள்ளை. தும்மல்."

"ஓட்டை?"

"கடலோரத்து வெள்ளை, முஸ்கதே. மூக்கை உறிஞ்சுவேன்."

முன்னால் நின்ற அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரொட்டியே வேண்டாம் என்று போய்விட்டாள். வரிசை ஒரு ஆள் குறைந்தது.

திரும்பி வந்தபோது மேஜை தயார். "கார்க்கையெல்லாம் எடுத்து வச்சிட்டேன். ஒயின் கொஞ்சம் மூச்சு விடட்டும்," என்றாள் ஓடில். எவ்வளவு அக்கறை! எனக்கு அவள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

ஃபெர்னான் கோடு சாக்ஸிலிருந்து ஊற்றினான். இருமினான். நான் கோப்பையைச் சுழற்றினேன், முகர்ந்தேன், வாயில் விட்டுக் கொப்பளித்தேன். துப்புவது முறை. நான் எதையும் வீணாக்குவதில்லை.

"பொஜோலே! கருங்கல் மண். மலைச்சரிவுல காலை வெயில் பட்ட பழம்."

"அடேங்கப்பா," என்றாள் ஓடில்.

இரண்டு இருமல். "ரோன் கரை! மிளகு, வெயில், தெற்குக் காத்து. முதல் ஒயினுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

"அப்படியா!"

தும்மல். "நம்ம ஊர் வெள்ளை. பாதாம் வாசனை."

உறிஞ்சல். "முஸ்கதே! நாக்குல கடல் உப்பு கரிக்குது பாரு. சிப்பி இருந்தா கொண்டா!"

நாற்காலியில் சாய்ந்தேன். நிலவறை காப்பாற்றப்பட்டது. ஃபெர்னான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அத்தோடு நான் எழுந்து போயிருக்கலாம்.

"நாலும் குறையே இல்லாத ஒயினா?" என்று ஓடில் மெதுவாகக் கேட்டாள். "பெரிய மூக்குக்காரங்க ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பாங்கன்னு சொல்வாங்களே."

பெரிய மூக்கு! அந்த வார்த்தையில் விழுந்தேன். சாம்பல் சாக்ஸை மறுபடி முகர்ந்தேன்.

"சொல்ல வேணாம்னு பாத்தேன். இதுல கார்க் கெட்டுப்போச்சு. ஈரத்துணி வாடை அடிக்குது."

"சாக்ஸா இருக்கும்," என்றான் ஃபெர்னான்.

"டேய், கார்க்டா! இருபது வருஷ அனுபவம்! கார்க்கேதான்!"

ஓடில் எழுந்து துணி துவைக்கும் அறைக்குப் போனாள். இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். ஒன்றில் சிவப்பு ஒயின், ஒன்றில் வெள்ளை. ஐந்து லிட்டர். அடியில் பிளாஸ்டிக் குழாய்.

"நீங்க ரொட்டிக்குப் போனப்ப ஃபெர்னானோட ஒயினை ஜாடியில கொட்டிட்டு, இதைத்தான் பாட்டில்ல ஊத்தினேன். ரெண்டு சிவப்பும் ஒரே பெட்டி. ரெண்டு வெள்ளையும் ஒரே பெட்டி. இதுல கார்க் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டு, என் முட்டைக்கோஸே."

ஃபெர்னானுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

"நீ ஏமாத்திட்ட!" என்றேன்.

"ஆமா. நீ மட்டும்? ஒயின் மாறியும் இவன் இருமல் மாறலையே! ஜம்பம் அடிச்ச, காப்பி அடிச்ச, கடைசியில கார்க் வாடையும் அடிச்சுதாக்கும்!"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஃபெர்னான் பெட்டிக் குழாயைத் திறந்து மூன்று கோப்பையும் நிரப்பினான். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல ஒயின். பிறகு குடித்துப் பார்த்த ஜாடி ஒயினைவிட நல்ல ஒயின்.

நிலவறைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "சரி, என் நூறு பாட்டிலையும் இனிமே எங்க வைக்கிறது?"

"எங்கயும் வைக்க வேணாம். வியாழக்கிழமை பேண்டுல பதினோரு பேரும் பழக வர்றாங்க. ஊதி ஊதி அவங்களுக்குத் தொண்டை காஞ்சிடும்."