முடவாட்டுக்கால் சூப்பும் விளக்கம் அண்ணனும்

திண்டுக்கல்லில் சூப் விற்கிறவர்களிலேயே, வந்த ஆளை விரட்டுவதை ஒரு தொழிலாகச் செய்தவர் விளக்கம் அண்ணன் ஒருவர்தான். நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் அதற்கும் அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

மலைக்கோட்டை அடிவாரத்தில், காலை நடைக்கு வருகிறவர்களை நம்பி ஒரு தள்ளுவண்டி. பெரிய பாத்திரம் நிறைய முடவாட்டுக்கால் சூப். பக்கத்தில் சிறுமலையிலிருந்து வந்த, தோல் சீவாத கிழங்கு ஒன்று பழுப்பு ரோமத்தோடு, அசல் ஆட்டுக்கால் மாதிரியே கிடக்கும். அதைத் தொட்டுப் பார்க்காதவருக்கு டம்ளர் கிடைக்காது.

"தொடுங்க சார். ஆட்டு ரோமம் மாதிரி இருக்கா? அதனால ஆட்டுக்கால். முடவனையும் நடக்க வைக்கும்னு மலைக்காரவுக நம்புனாக, அதனால முடவன். ஆனா இது ஆடும் இல்ல, காலும் இல்ல. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற பெரணி. பூக்காது, காய்க்காது."

இது முடிவதற்குள் சூப் ஆறிப்போகும்.

பிரியாணி ஊரில் இந்த வியாபாரம் உருப்படுமா? கறிப் பிரியர்கள் டம்ளருக்குள் எலும்பைத் தேடிவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். சைவர்கள் பாதிப் பெயரைக் கேட்டதுமே ஓட்டம் பிடித்தார்கள். கிறிஸ்தவர்கள் கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஒரு டீச்சரம்மா பதறிப்போய் டம்ளரை வைத்துவிட்டு நடக்க, "டீச்சர், பெரணி! பெரணி!" என்று கத்திக்கொண்டே இவர் பின்னால் போனார். அண்ணன் சிறுவயதிலேயே வலது கால் சூம்பியவர். தாங்கித் தாங்கித்தான் நடப்பார். டீச்சரம்மா வேகத்தைக் கூட்டிவிட்டார்.

மிச்சமிருந்தவர்கள் மூட்டுவலிக்காரர்கள். அவர்களையாவது விட்டுவைத்தாரா?

"வலி போகுமாண்ணே?"

"தெரியாது சார்."

"பேருலயே இருக்குல்ல?"

"அது பேரு. நான் குடுத்த வாக்கு இல்ல. நானே மூணு வருசமாக் குடிக்கிறேன். ருசியாத்தான் இருக்கு."

வண்டி அவருடைய அக்கா வீட்டுக்காரருடையது. மிஞ்சிய சூப்பைத் தினமும் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்துப் பார்த்து அந்த மச்சான் ஒருநாள் என் முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாப்ள, மாசக் கடைசியோட வண்டியக் காளான் போடுற ஆளுக்கு விட்டுர்றேன். நீ பழையபடி வேடசந்தூர் மில்லுக்கே போயிரு."

ஷிஃப்ட் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. அந்தக் காலோடு அங்கே பட்டது போதும் என்றுதான் அண்ணன் இந்த வண்டிக்கே வந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "வலி போகும்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேண்ணே" என்றேன்.

"எங்காத்தா என்னயத் தூக்கிட்டுப் போகாத ஊரு இல்ல சார். சரியாயிரும்னு சொல்லாத ஆளும் இல்ல. அவளும் ஒவ்வொரு தடவையும் நம்புனா" என்றார். பிறகு கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

மாசக் கடைசியும் வந்தது. மச்சான் வண்டியை எடுத்துப்போக வந்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்து, கன்னிவாடியிலிருந்து ஒரு அம்மா ஆட்டோவில் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"தோட்டத்துல வழுக்கி விழுந்து பத்து நாளாச்சுய்யா. இதக் குடிச்சா நடந்துருவாகன்னு சொன்னாக."

மச்சான் கண்ணாலேயே கெஞ்சினார். காலை நடைக்கு வந்த நாங்கள் டம்ளரும் கையுமாக நின்றோம். அண்ணன் அந்த மனிதரின் வீங்கிய முழங்காலைப் பார்த்தார். வழக்கமான விளக்கத்தைக்கூடச் சொல்லவில்லை.

"ஆத்தா, இது வெறும் சூப்பு. எலும்பு டாக்டரத்தான் பாக்கணும். ஏறுங்க, நானும் வாரேன்."

கரண்டியை மச்சான் கையில் திணித்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

கரண்டி கையில் இருந்த பாவத்துக்கு மச்சான் ஊற்ற ஆரம்பித்தார். அதிகம் பேசாத மனிதர். "குடிங்க" என்பார், "அடுத்து" என்பார். சூப் சுடச்சுட இருந்தது. எட்டரைக்கெல்லாம் பாத்திரம் காலி.

மத்தியானம்தான் அண்ணன் திரும்பினார். நான் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். மச்சானும் வண்டியை எடுத்துப்போகவில்லை.

"எலும்புல விரிசலாம். கட்டுப் போட்டாச்சு, நடந்துருவாராம். டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். அப்புறம்தான் பாத்திரத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"மச்சான், அம்புட்டுப் பேருக்கும் வெறுமனேயா ஊத்துனீக? பேருக்கு அர்த்தம் சொல்லலியா?"

மச்சான் கரண்டியைக் காலிப் பாத்திரத்துக்குள் போட்டார்.

"நாளைக்கு வந்து நீயே சொல்லு. நான் ஊத்துறேன்."

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. மச்சான் ஊற்றுகிறார், அண்ணன் சொல்கிறார், குடித்தவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு முழுசும் மனப்பாடம். இருந்தாலும் கேட்க ஆளில்லாமல் அவர் நிறுத்துகிறபோது, "அப்புறம்ணே?" என்று கேட்டுவிடுகிறேன்.