மாட்டுக்கொட்டகையில் முதல் பரிசு

காரைக்குடி வழி,
ஆவணி, 1971.

அன்புத் தம்பி சத்தியமூர்த்திக்கு அக்காள் அழகம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், மகள் பொன்னுத்தாயி, போன வாரம் கன்று ஈன்ற செவலைப் பசு எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் நீலாயதாட்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். காகிதத்தில் இடம் கொஞ்சம், விஷயம் அதிகம்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது பட்டணத்தில் உனக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டேன். எந்த மாநிலத்துச் சர்க்கார் ஜனங்களின் பணத்தை ஒழுங்காக நிர்வாகம் பண்ணுகிறது என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது என்றாய். அன்றைக்கு அடுப்பில் பணியாரம் கிடந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எதைக் கொண்டு அளக்கிறீர்கள்? அரிசிக்குப் படி இருக்கிறது, பூவுக்கு முழம் இருக்கிறது, சர்க்காருக்கு என்ன இருக்கிறது? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னுத்தாயி கல்யாணமும் இதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

உன் அத்தான் நம் ஊர் பஞ்சாயத்துத் தலைவரானது உனக்குத் தெரியும். சித்திரையில் யூனியன் ஆபீஸில் ஒரு போட்டி வைத்தார்கள். எந்த ஊர் பஞ்சாயத்து பணத்தை நன்றாக நிர்வகிக்கிறதோ அந்த ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று பரிசு என்றார்கள். ஊரணிக்குக் குடம் சுமந்து இடுப்பு ஒடிந்த நாங்கள் எல்லோரும் சாமி கும்பிட ஆரம்பித்தோம். ஆனால் உன் அத்தான் கண்ணுக்கு மோட்டாரா தெரிந்தது, பக்கத்து ஊர் மருதணிதான் தெரிந்தது. அங்கே தலைவர் கருத்தையா அண்ணன். அவர் மகனுக்குத்தான் பொன்னுத்தாயியைக் கேட்டிருக்கிறார்கள். "ஊர்ப்பணத்த ஆளத் தெரியாதவன் வீட்டுல என் பொண்ணு எதுக்கு வாழணும்? எந்த ஊரு முன்னால வருதுன்னு பாத்துட்டுத்தான் வெத்தல பாக்கு மாத்துறது" என்று உன் அத்தான் சொல்லிவிட்டார்.

உன் அத்தான் நிர்வாகம் எப்படி என்றால், தெருவில் விளக்கு இருக்கிறது, எரியாது. கேட்டால், "நெலா காயுறப்ப லைட்டு எதுக்கு?" என்பார். அமாவாசையில் கேட்டால், "இந்த இருட்டுல எவன் தெருவுக்கு வாரான்?" என்பார். ஊருக்குள் நுழையும் இடத்தில் சின்னப் பாலம் உடைந்து கிடக்கிறது. அதைத் தாண்டத் தெரிந்தவன் உள்ளூர்க்காரன், விழுந்தவன் வெளியூர்க்காரன் என்றாகிவிட்டது.

கணக்குப் பார்க்க வந்த அதிகாரி ஞானசம்பந்தம் வெளியூர்க்காரர். ஜீப்போடு பாலத்தில் இறங்கிவிட்டார். ஊரே போய்த் தூக்கிவிட்டோம். முழங்கால் வரை சகதியோடு வந்து உட்கார்ந்தவர், கையிருப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இவ்வளவு மிச்சம் இந்த யூனியன்லயே நான் பாக்கலைங்க!" என்று உன் அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினார். காப்பி கொண்டுபோன எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், எதை வச்சு மார்க்குப் போடுவீக?"

"வருஷக் கடைசியில என்ன மிஞ்சியிருக்குன்னு பாப்போம்மா."

"அந்தப் பாலத்தக் கட்டியிருந்தம்னா?"

"மிச்சம் கொறஞ்சிருக்கும். மார்க்கும் கொறையும்."

"நீங்க சகதியில விழுந்ததுக்கு எம்புட்டு மார்க்கு?"

அவர் தன் கால்சட்டையைப் பார்த்தார். நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். "அதுக்குக் கட்டம் போடலையேம்மா. ஆனா கேக்க வேண்டிய கேள்வி. மேல எழுதிப் போடுறேன்" என்றார். உள்ளேயிருந்து உன் அத்தான், "இந்தா அழகு, சாருக்குக் காப்பிய மட்டும் குடு" என்று சத்தம் போட்டார்.

மறுநாள் நாத்தனாரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வண்டி கட்டிக்கொண்டு மருதணிக்குப் போனேன். தம்பி, அங்கே தெருவுக்குத் தெரு குழாய்! திருகினால் தண்ணீர்! நான் நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தேன். ஞானசம்பந்தமும் அங்கே இருந்தார். குழாயில் முகம் கழுவி, வயிறு நிறையக் குடித்து, "கற்கண்டு மாதிரி இருக்குங்க" என்று கருத்தையா அண்ணனைப் புகழ்ந்துவிட்டு, திண்டாட்டத்தோடு கடைசி மார்க்கைப் போட்டார். பஞ்சாயத்துக்கு ஊர் முழுக்கக் கடனாம். கரண்டு பில் கூடப் பாக்கியாம்.

எனக்கு இதுவும் புரியவில்லை. "அண்ணே, இந்தக் கடன எப்ப அடைப்பீக?" என்று கேட்டேன்.

"தண்ணி வந்தா சனங்க சந்தோசமா வரி கட்டுவாக தங்கச்சி."

"கட்டுனாகளா?"

"சந்தோசமா இருக்காக" என்றார் அண்ணன், குழாயைப் பார்த்துக்கொண்டே.

ஆக ஒரு ஊரில் பணம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. இன்னொரு ஊரில் தண்ணீர் இருக்கிறது, கரண்டுக்காரர் வரும்வரைக்கும். இரண்டில் எது நல்ல நிர்வாகம்? வண்டியில் திரும்பும்போது யோசித்து யோசித்து, நிறுத்தச் சொல்ல மறந்து, வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். உங்கள் வரிசையில் முதலில் நிற்கும் சர்க்காரிலும் பாலம் உடைந்து கிடக்குமா? நீங்கள் யாராவது போய் விழுந்து பார்ப்பதுண்டா?

ஆடியில் முடிவு சொன்னார்கள். நம் ஊர் முதல். மருதணி கடைசி. மோட்டார் மேளதாளத்தோடு வந்தது. உன் அத்தான் அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, மாட்டுக்கொட்டகையில் செவலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். "கெணத்துல மாட்டலையா?" என்றால், "கம்பி, குழாய், கரண்டு எல்லாம் செலவு. மிச்சம் கொறஞ்சா அடுத்த வருசம் முதல் பரிசு போயிருமே" என்கிறார். வெற்றிலை பாக்குக்கு வந்த கருத்தையா அண்ணனையும், "அடுத்த போட்டி முடியட்டும்" என்று அனுப்பிவிட்டார். பொன்னுத்தாயி அன்றைக்கு ஊரணிக்கே போகவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

நீ உடனே புறப்பட்டு வா. அல்லது சர்க்கார் முத்திரை வைத்த காகிதத்தில், செலவு செய்வது கேவலமில்லை என்று உன் அத்தானுக்கு நாலு வரி எழுது. நான் சொன்னால் பெண்பிள்ளைப் பேச்சு, நீ சொன்னால் பட்டணத்துப் பேச்சு. நீலாயதாட்சியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகள் படிப்பிலும் ஆயுசிலும் குறைவில்லாமல் இருக்கட்டும். பிள்ளையார்பட்டிக்கு உங்கள் எல்லோர் பேரிலும் நேர்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்காள் அழகம்மாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. நாலு நாளைக்கு முன்னால் இதை ஒட்டப்போகும்போது ஞானசம்பந்தம் வந்துவிட்டார். என் கேள்வி மேலே போய் அங்கே சட்டமாகிவிட்டதாம். இனிமேல் மிச்சம் வைத்தால் மார்க்குக் குறைவு, ஒதுக்கிய பணத்தை ஒரு பைசா விடாமல் செலவழிக்கிற ஊருக்குத்தான் பரிசு. அன்றிலிருந்து உன் அத்தானைப் பிடிக்க முடியவில்லை. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது. மோட்டாரைக் கிணற்றில் மாட்டித் தெருமுனையில் குழாயும் வைத்துவிட்டார்கள், தண்ணீர் கொட்டுகிறது. உடைந்த பாலத்தைச் சரிபண்ணுவதோடு புதிதாக இன்னொரு பாலமும் கட்டுகிறார். அங்கே வாய்க்காலே இல்லையே என்றால், "அத பின்னால வெட்டிக்கிரலாம்" என்கிறார். ஆகவே நீ எழுத வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லி. கருத்தையா அண்ணனோ கடைசியாக வந்த அவமானத்தில் போன மாதமே குழாய்களுக்குப் பூட்டுப் போட்டு, விளக்கை அணைத்து, கடனை அடைக்கவும் மிச்சம் சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டாராம். அடுத்த வருஷமும் அவர்தான் கடைசி. சம்பந்தம் என்ன ஆகும் என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பொன்னுத்தாயி குழாயடியில் நின்றுகொண்டு சொல்கிறாள்: "அதுக்கென்னம்மா, மாப்பிள்ளைய இங்குட்டு வந்து இருக்கச் சொல்லுங்க."